சுத்தியலும் சல்லடையும்

வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடியில், புவியியலாளருக்குச் சுத்தியல் ஒன்றே போதும். பாறை வெளியே துருத்தி நிற்கிறது. ஒரு சில்லு பெயர்த்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு மினுங்கும் சார்னோக்கைட்டா, பட்டை பட்டையான நைஸா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். சாத்தூர்ப் பக்கம் அது நடக்காது. எங்கும் கரிசல். கிணறு வெட்டிப்போட்ட கல் கிடைத்தால் உண்டு.

அங்கே சல்லடைதான். மேட்டிலிருந்து மழை அரித்ததெல்லாம் ஓடைக்கு வந்து சேருகிறது. ஒரு கை வண்டலில் மேலேயுள்ள நிலம் முழுக்கக் கலந்திருக்கும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2 கி.மீ. சதுரக் கட்டங்களாக நாட்டைப் பிரித்து இப்படி மண் அள்ளுகிறது. சருகை ஒதுக்கி, பல இடத்தில் அள்ளி, காயவைத்து, மாவு சலிப்பதுபோல் 120 மெஷ் சல்லடையில் சலிப்பார்கள். பிறகு கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்க் கால் பங்குகளை மட்டும் சேர்ப்பார்கள்.

சுத்தியல் ஓர் இடத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லும்; சல்லடை ஒரு வட்டாரத்தையே உத்தேசமாகச் சொல்லும். கரிசலில் என் ஓட்டு சல்லடைக்கு. பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசியில் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன்.

சலித்த மண்ணில் தனிமங்களை அளப்பார்கள். அவற்றில் பேரியம், ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தில் பொட்டாசியத்தின் இடத்தில் உட்காரும். அது கூடினால் கிரானைட் வகைப் பாறையை நினைப்போம். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தோடு ஒட்டியது. பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் நினைவுக்கு வரும். ஆனால் மத்தாப்பில் பச்சை தருவதும் பேரியம், சிவப்பு தருவதும் ஸ்ட்ரான்சியம். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்றும் விட முடியாது. சல்பேட்டைச் சந்தித்தால் கரையாத பொடியாகி வண்டலிலேயே தங்கிவிடும். தடைக்கு முன் படிந்தது தடையால் போகாது.

ஆகவே சிவகாசி ஓடையில் பேரியம் எகிறினால் உடனே வரைபடத்தில் கிரானைட் நிறம் தீட்டக் கூடாது. ரூபிடியமும் கூடவே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் ஃபெல்ட்ஸ்பாரில் இருக்கும். பட்டாசில் அதற்கு வேலையில்லை. பேரியம் மட்டும் தனியே ஏறினால் பட்டாசு ஷெட்டின் மேல்தான் முதல் சந்தேகம்.

அள்ளும் இடமும் முக்கியம். ஆனைக்குட்டம் அணையைத் தாண்டி அர்ஜுனா நதி வருகிறது, வெம்பக்கோட்டை அணையைத் தாண்டி வைப்பாறு. மலை வண்டலில் பெரும்பகுதி அந்த அணைகளிலேயே நின்றுவிடும். கீழே அள்ளுவது பெரும்பாலும் அணைக்குக் கீழுள்ள ஓடைகளின் மண். இரண்டு ஆறும் இருக்கன்குடியில் கூடுகின்றன. கூடுமுன்பே இரண்டிலும் தனித்தனிப் பையில் அள்ளிக்கொள்ள வேண்டும்.