எழுத்துக்கு முன்னால் வந்த படம்

1963-இல் பிரேசிலின் வடகிழக்கில் உள்ள அன்ஜிகோஸ் என்ற சிற்றூரில், சுமார் 300 பேருக்கு ஏறக்குறைய 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் முயற்சி நடந்தது. அதை வழிநடத்திய கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் பெயர் அதன் பிறகுதான் பரவலாக அடிபட்டது. அவருடைய முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் உள்ளூர்ச் சொற்களைத் தேர்ந்து அசை அசையாகப் பிரித்ததையே பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் அந்த முறையில் எழுத்து இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது படம். ரெசிஃபே நகரத்து ஓவியர் பிரான்சிஸ்கோ பிரெனாண்ட் அதற்கென்றே பத்துப் படங்கள் வரைந்து கொடுத்தார். முதல் படத்தில் மண்வெட்டியோடு ஒரு மனிதன், குழந்தையோடு ஒரு பெண், வீடு, மரம், கிணறு. கிணற்றை வெட்டியது யார், எதற்காக, எப்படி என்று பேச்சு தொடங்கும். மரம் தானாக முளைத்தது, கிணறு மனிதன் கைபட்டு வந்தது என்ற வேறுபாட்டை வந்திருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். பின்னால் வரும் படங்களில் களிமண் பிசைகிறவர்கள், பூ வைத்த மண்சாடி. கையெழுத்துப் போடத் தெரியாத குயவர், பண்பாட்டைத் தானும் உண்டாக்குவதை அங்கேதான் காண்கிறார். இந்த முறையிலிருந்து வளர்ந்த விமர்சனக் கல்வியியலை ஓவிய வகுப்புக்குக் கொண்டுபோகலாமா என்று இன்று கேட்கிறவர்கள், அது வேறெங்கோ விளைந்த சரக்கு என்று எண்ணிக் கேட்கிறார்கள். அது படம் பார்ப்பதிலேயே விளைந்தது. பார்ப்பதை வெளியே தள்ளியது பள்ளி ஓவிய வகுப்புதான்.

அப்படித் தள்ளியதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1882-இல் பிரேசில் அரசியல்வாதி ரூய் பார்போசா தொடக்கக் கல்வி பற்றி நாடாளுமன்றத்துக்கு அளித்த பெரிய அறிக்கையில் ஓவியத்துக்கு முதன்மையான இடம் கொடுத்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வால்டர் ஸ்மித் நடத்திவந்த வரைகலைக் கல்வி அவரைக் கவர்ந்திருந்தது. நேர்கோடு, வளைகோடு, வடிவியல் உருவங்கள் எல்லாம் தொழிற்சாலைக்குக் கை தேறுவதற்காக. அடிமை முறையே 1888-இல்தான் ஒழிந்த நாட்டில், கைவேலையை இழிவாகப் பார்க்கும் வழக்கத்துக்கு இது நல்ல மாற்றுதான். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் பிள்ளையிடம் கேட்டது கையை மட்டும். 1948-இல் ரியோவில் அகுஸ்தோ ரொட்ரீகெஸ் முன்னின்று தொடங்கிய சிறு ஓவியப் பள்ளி, அச்சுப்பிசகாமல் நகலெடுக்கும் பழக்கத்தை உதறிவிட்டுப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் வரையவிட்டது. அது பெரிய விடுதலை. ஆனால் பெரியவர்களின் ஓவியத்தைக் காட்டினால் பிள்ளையின் தூய்மை கெட்டுவிடும் என்ற நம்பிக்கையும் அந்தப் போக்கோடு ஒட்டிக்கொண்டது.

1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃப்ரெய்ரே சிறைக்கும், பிறகு நாட்டைவிட்டும் போனார். பிரெனாண்டின் படங்கள் பறிக்கப்பட்டன. ஃப்ரெய்ரேயின் 1967-ஆம் ஆண்டு நூலுக்கு வேறொருவர் அவற்றை மீண்டும் வரைய வேண்டியிருந்தது. படங்களைக் கண்டு பயந்த அதே ஆட்சிதான் 1971-இல் கலைக் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது! முரண்பாடு போலத் தெரியும், இல்லை. ஓவியம், இசை, நாடகம் மூன்றையும் ஒரே ஆசிரியர் நடத்த வேண்டும், அவருக்கு இரண்டாண்டுப் பயிற்சி போதும் என்ற ஏற்பாட்டில், சுதந்திர தினத்துக்கும் அன்னையர் தினத்துக்கும் உருட்டச்சில் எடுத்த படத்துக்கு வண்ணம் தீட்டுவதுதான் பல பள்ளிகளில் கலைப் பாடமாக மிஞ்சியது. கோடு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. பிள்ளை அதைத் தாண்டக் கூடாது.

ரெசிஃபேயில் ஃப்ரெய்ரேயிடம் பயின்ற கலைக் கல்வியாளர் அனா மாய் பார்போசா இதைத்தான் எதிர்த்தார். 1987 முதல் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் தற்காலக் கலை அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக இருந்தபோது அவர் வளர்த்தெடுத்த முறையில் மூன்று வேலைகள்: வரைவது, வரைந்ததைப் படிப்பது, அது எந்தச் சூழலில் பிறந்தது என்று கேட்பது. இப்படிச் செய்தால் ஓவியம் வெறும் பிரச்சாரத்துக்குச் சாக்காகிவிடும், வரையும் திறமை மங்கிவிடும் என்று மறுப்பவர்கள் உண்டு. இரண்டாவது மறுப்புக்குப் பதில் எளிது. வரைவதை அனா மாய் விலக்கவில்லை. கூர்ந்து பார்க்கப் பழகாத கை எவ்வளவு தூரம் போகும்? முதல் மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. போராட்டச் சுவரொட்டி வரையச் சொல்லிவிட்டு இதுதான் விமர்சனக் கல்வி என்று பெருமைப்படும் வகுப்புகளில், பிள்ளை நிரப்ப வேண்டிய கோடு மாறியிருக்கிறதே தவிர அது கோடாகவே இருக்கிறது.

இந்தக் குற்றச்சாட்டு ஃப்ரெய்ரேயின் படங்களையும் விடாது. அந்தப் பத்தில் மூன்றாவது வில்லேந்திய பழங்குடி வேட்டைக்காரர், நான்காவது துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர். முன்னவரை எழுத்தறியாதவர் என்றும் பின்னவரை எழுத்தறிந்தவர் என்றும் பிரித்தார்கள். வில்லும் பண்பாடுதான், தலையில் சூடிய இறகும் பண்பாடுதான் என்று காட்டுவதே நோக்கம் என்றாலும், வில்லிலிருந்து துப்பாக்கிக்குப் போவது ஏறுபடி என்ற எண்ணம் அந்த வரிசையில் கேள்வியில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு ஆசிரியர் காட்டும் படத்தையும் மாணவர் மடக்கிக் கேட்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் இந்த முறையை எடைபோட வேண்டும். பாடப்பொருள் எவ்வளவு புரட்சிகரமானது என்பதை வைத்து அல்ல. ஆப்பிரிக்க-பிரேசிலிய வரலாற்றையும் பண்பாட்டையும் கட்டாயப் பாடமாக்கிய 2003-ஆம் ஆண்டுச் சட்டம், அதைச் சிறப்பாக நடத்த வேண்டிய பாடங்களில் கலைக் கல்வியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2008-இல் பழங்குடி மக்களின் வரலாறும் சேர்ந்தது. இந்தச் சட்டங்களால் வகுப்புக்குள் புதிய உருவங்கள் வரும். வில்லேந்தியவரை வரைந்தது யார், எதற்காக என்று கேட்கும் முறையைப் பிள்ளைக்குக் கொடுப்பது இன்னும் ஆசிரியரிடம்தான் இருக்கிறது.