டாமல்பையஸ் மலையில் காலும் சக்கரமும்

ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தின் கரையில் நின்று வடக்கே நோக்கினால், கோல்டன் கேட் ஜலசந்திக்கு அப்பால், கடற்பனி இடுப்பைச் சுற்றிக் கிடக்க, டாமல்பையஸ் என்னும் மலை தெரியும். அதன் சிகரம் கடல்மட்டத்துக்கு மேல் 2,571 அடிதான்; நம் கொடைக்கானலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். உயரத்தைக் கொண்டு மலைகளை மதிப்பவர்கள் இதை ஒரு பொருட்டாக எண்ணமாட்டார்கள். ஆயினும், கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் ஓடி, பிறகு சைக்கிளேறிக் காட்டு வழியின் மேடுபள்ளங்களைக் கடந்து, சைக்கிளை விட்டு இறங்கி மறுபடியும் ஓடி முடிக்கிற ஒரு பந்தயம் இன்று பல தேசங்களில் நடக்கிறதே, அந்தக் காட்டுவழி டூயத்லானுக்கு மூலஸ்தானம் எது என்று என்னைக் கேட்டால், அது முறையாக நடத்தப்பட்ட எந்தப் பந்தயக் களத்தையும் நான் காட்டமாட்டேன். இந்த மலையைத்தான் காட்டுவேன். அமெரிக்காவில் மலைப்பாதை ஓட்டம் ஆண்டுதோறும் நடக்கும் பந்தயமாக வேரூன்றியது இதன் தென்புறத்தில். மலைச் சைக்கிள் பிறந்தது இதற்கு வடக்கே தொடரும் மேடுகளில். இரண்டுக்கும் இடையே காலத்தால் சுமார் 70 ஆண்டுகள். தூரத்தால் சில மைல்களே.

1904ஆம் ஆண்டில் கோல்டன் கேட் பாலம் கிடையாது. அது திறக்கப்பட்டது 1937இல். மலைநாட்டம் கொண்ட நகரவாசிகள் படகேறி ஸாஸலிட்டோவுக்கு வந்து, ரயிலில் மில் வாலி என்ற மலையடி ஊரை அடைந்து, அங்கிருந்து மலையைத் தாண்டி மறுபுறத்துக் கடற்கரைக்கு நடந்து போவது வழக்கம். அந்தக் கரையின் மணல்திட்டில் அப்போது புதிதாக எழும்பியிருந்த விடுதிக்கு டிப்ஸீ என்று பெயர். ஸான் பிரான்ஸிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பைச் சேர்ந்த சார்லஸ் போவாஸ், அல்ஃபான்ஸ் கோனி என்ற இருவர், மில் வாலியிலிருந்து அந்த விடுதிக்கு முதலில் போய்ச் சேருகிறவர் யார் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டு ஓடினார்கள், போவாஸ் ஜயித்தார். பார்த்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அதில் உண்டான உற்சாகம் அடங்காமல், அடுத்த ஆண்டு, 1905 நவம்பர் 19ஆந் தேதி, அதே வழியில் பலரும் கலந்துகொண்ட முதல் டிப்ஸீ ஓட்டம் நடந்தது. ஜான் ஹசார்ட் என்ற இளைஞர் அதில் வெற்றி பெற்றார்.

சுமார் ஏழரை மைல் கொண்ட அந்த வழியை ஒரு முறை மனத்தால் நடந்து பார்ப்பது நல்லது. ஊர் எல்லையிலேயே ஏறத்தாழ 680 படிகள், மூன்று தொகுதிகளாக, திருத்தலத்து மலைப்படிகளைப்போல நிமிர்ந்து நிற்கின்றன. மூச்சு இன்னும் சீர்ப்படாத ஆரம்ப நேரத்திலேயே ஓடுகிறவன் அவற்றில் ஏற வேண்டும். படிகள் முடிந்ததும் ஒரு முகடு. முகட்டைத் தாண்டினால், ரெட்வுட் மரங்கள் வானளாவி நிற்கும் மூயர் வனத்தின் பள்ளத்துக்குள் செங்குத்தான இறக்கம். ஓடையைக் கடந்தபின் மறுபடியும் ஏற்றம். அந்த நெடிய ஏற்றத்தின் உச்சிக்கு இருதயத்தின் பெயரால் ‘கார்டியாக்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1,300 அடிக்கு மேற்பட்ட அந்த இடத்தில்தான் கடல் கண்ணில் படும். பிறகு ஈரமும் இருளும் மூடிய பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, எல்லாம் முடிந்தது என்று தேகம் நம்பிவிட்ட தருணத்தில், ‘இன்ஸல்ட்’, அதாவது அவமதிப்பு என்று பெயர் பெற்ற ஒரு குட்டை மேட்டையும் ஏறித்தான் மறுபுறத்து ஸ்டின்ஸன் கடற்கரையை அடைய முடியும். ஆதியில் ஓடுகிறவர்கள் எந்த வழியாகவும் போகலாம் என்றே விட்டிருந்தார்கள். புதரினூடே ஒரு குறுக்குவழி கண்டவர் அதைத் தம் பிள்ளைக்குக்கூடச் சொல்லத் தயங்குவாராம்.

இந்த ஓட்டத்தின் விசேஷம் அதன் நியாயத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வயதையும் ஆண், பெண் என்ற பேதத்தையும் கணக்கிட்டு, முதியோருக்கும் சிறுவருக்கும் பெண்களுக்கும் சில நிமிஷங்கள் முன்னதாகப் புறப்படச் சலுகை தருகிறார்கள். வலிமை மிகுந்த வாலிபர்கள் கடைசியில் கிளம்பி, முன்னே போன அத்தனை பேரையும் அந்த ஒற்றையடிப் பாதையில் ‘வழி, வழி’ என்று கேட்டுத் தாண்டிக்கொண்டு போக வேண்டும். முதலில் எல்லையைத் தொடுகிறவரே வெற்றியாளர். இதனால்தான் 1973இல் மேரி எட்டா பொய்டானோ என்ற 10 வயதுச் சிறுமி இந்த மலை ஓட்டத்தில் அனைவரையும் வென்று முதலிடம் பெற முடிந்தது. ஆனால் இந்த நியாயம் எளிதில் வந்துவிடவில்லை. 1918இல் பெண்கள் இதே பாதையில் ஓட வந்தபோது, பந்தயம் என்று சொன்னால் அனுமதி கிடைக்காது என்பதால் ‘நடை’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். பெயர்தான் நடை, அவர்கள் ஓடினார்கள். எடித் ஹிக்மன் அதில் முதல்வராக வந்தார். 1922க்குப் பிறகு அதுவும் நின்றுபோயிற்று. டிப்ஸீயில் பெண்களை முறையாகச் சேர்த்துக்கொண்டது 1971இல்தான். நடுவே கழிந்த அரை நூற்றாண்டில் எத்தனை பெண்கள் அந்தப் படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஜாக் கர்க் என்ற மனிதரைப் பற்றியும் சொல்லாமல் இந்தப் பாதையை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. 1930இல் முதன்முறையாக டிப்ஸீ ஓடிய அவர், 1951இலும் 1967இலும் ஜயித்து, 90 வயதைக் கடந்த பிறகும் ஆண்டு தவறாமல் வந்து நின்றார். கடைசி முறை, 2003இல், அவருக்கு வயது 96.

தென்புறம் இப்படிக் காலுக்கு உரியதாகிவிட்ட காலத்தில், அதே மலையில் வேறொரு பாதை, தனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாமல் காத்துக் கிடந்தது. 1896இல் மில் வாலியிலிருந்து சிகரத்தின் அருகு வரை நீராவி ரயில் ஒன்று ஓடத் தொடங்கியது. 8 மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் 281 வளைவுகள். உலகத்திலேயே மிகக் கோணலான ரயில் என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். மோட்டார் வண்டி வந்து மக்களை இழுத்துக்கொண்டபோது அதன் வருமானம் குன்றியது. 1929இல் பெருந்தீ மலையைத் தின்றது. 1930இல் ரயில் நின்று, தண்டவாளங்களையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சியது ஒரு மண்பாதை. இஞ்சின் மூச்சு வாங்காமல் ஏறவேண்டும் என்று, 100 அடிக்கு 7 அடிக்கு மேல் உயராதபடி வகுத்த பாதை அது. நாற்பது ஆண்டுகளுக்குப்பின், கனத்த சைக்கிளை மிதித்துக்கொண்டு மலையேற விரும்பிய இளைஞர்களுக்கு, ரயிலுக்காகக் கணக்கிட்ட அந்தச் சாய்வே உதவிற்று.

1970களில் அந்த வட்டாரத்து இளைஞர் சிலர், பெரும்பாலும் தார்ச்சாலைப் பந்தயங்களில் பழகியவர்கள், பழைய சாமான் கிடங்குகளிலிருந்து 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட ஷ்வின் எக்ஸெல்ஸியர் போன்ற சைக்கிள்களைச் சில டாலர்களுக்கு வாங்கி வந்தார்கள். பத்திரிகை போடும் பையன்களுக்கென்று செய்தவை. தடித்த பலூன் டயர், 40 ராத்தலுக்கு மேற்பட்ட கனம், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஒற்றைப் பிரேக். இவற்றை மலைக்குக் கொண்டுபோய் இறக்கத்தில் விட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்தார்கள். பார்த்த பிறகு அவர்களால் நிறுத்த முடியவில்லை. நம்மில் யார் அதிவேகக்காரன் என்ற வாக்குவாதம் எழுந்தது. வாதத்தைத் தீர்க்க, ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊருக்கு மேலே, பைன் மலையிலிருந்து இறங்கும் தீத்தடுப்புச் சாலையில், 1976 அக்டோபர் 21ஆந் தேதி, கடிகாரம் வைத்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். ஏறத்தாழ 2 மைலில் 1,300 அடி இறக்கம். இரண்டு நிமிஷத்துக்கு ஒருவராகப் புறப்பாடு. அன்று வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். மற்றவர்களெல்லாம் எங்கெங்கோ விழுந்து எழுந்து வந்தார்கள், விழாமல் வந்தவர் அவர் ஒருவரே.

அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்த காரணத்தை நம்மவர்களுக்கு விளக்குவது சுலபம். சைக்கிள் கடையில் ஓவராயிலிங் செய்கிறவர் சக்கரத்தைக் கழற்றி, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கறுத்துப்போன பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டு, மஞ்சள் நிறப் புதுக் கிரீஸை விரலால் அப்பி, கோனை அளவாக முடுக்கி மூடுவதை நாம் திண்ணையோரம் குந்தியிருந்து பார்த்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை செய்கிற வேலை. இங்கே ஒரே ஒரு முறை மலையிறங்கினால் போதும். இடைவிடாமல் பிடித்த பிரேக்கின் சூட்டில் பின்சக்கரத்து ஹப்புக்குள்ளிருந்த கிரீஸ் முழுவதும் உருகிப் புகையாகப் போய், சைக்கிள் அடிவாரம் வந்து நிற்கும்போது ஹப் பொசுங்கும் வாசனை வீசும். மறுபடி கிரீஸ் அடைத்தாலன்றி அடுத்த முறை இறங்க முடியாது. ‘மறுபடி அடைத்தல்’ என்பதுதான் ரீபேக்.

அந்தச் சிறு கூட்டத்திலிருந்து வந்தவை அனேகம். பந்தயங்களை முன்னின்று நடத்திய சார்லி கெல்லி, 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கி எவரும் முறியடிக்காத காலத்தை நாட்டிய கேரி ஃபிஷர், இரண்டே விநாடி பின்தங்கிய ஜோ ப்ரீஸ், அவர்களோடு தானும் இறங்கியதோடு அந்நாட்களைப் படமெடுத்தும் வைத்த வெண்டி க்ராக் என்ற பெண்மணி, இவர்களெல்லாம் அப்போது தாம் ஒரு சரித்திரத்தைத் தொடங்குகிறோம் என்று எண்ணியவர்களல்லர். பழைய சைக்கிள்களின் சட்டங்கள் முறிந்துகொண்டே இருந்தபடியால், 1977இல் ப்ரீஸ் தாமே குழாய்களை இணைத்து மலைக்கென்றே ஒரு சைக்கிள் செய்தார். 1979இல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிச்சி செய்து கொடுத்த சட்டங்களை வைத்து ‘மவுண்டன் பைக்ஸ்’ என்ற பெயரில் வியாபாரம் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி ஸ்டம்ப்ஜம்பர் என்ற மாதிரியை வெளியிட்ட பின், மலைச் சைக்கிள் தொழிற்சாலைச் சரக்காகி உலகெங்கும் பரவிற்று. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் உலகப் போட்டி. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்.

ஆனால் பிறந்த வீட்டிலேயே அந்தப் பிள்ளைக்கு வரவேற்பு இல்லை. நடப்பவர்களும் குதிரையேறுபவர்களும், எதிர்பாராத வளைவில் எதிரே பாய்ந்து வரும் சக்கரத்தைக் கண்டு அஞ்சினார்கள், அஞ்சியதில் தவறில்லை. ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகன்ற தீத்தடுப்புச் சாலைகளில் மட்டும், மணிக்கு 15 மைலுக்கு மிகாமல், கண்மறைவான வளைவுகளில் 5 மைலுக்கு மிகாமல் போகலாம் என்று விதி செய்து, வேகம் அளக்கும் கருவியோடு காவலர்களை நிறுத்தினார்கள். இவ்வாறு, ஓட்டத்தையும் மலைச் சைக்கிளையும் ஈன்ற மலை, அவை இரண்டையும் ஒரே பாதையில் சேரவிடவில்லை. அவை சேர்ந்தது வேறு மண்ணில்.

ஓடுவதும் ஏறிச் செல்வதுமாக ஒரே பந்தயத்தை அமைக்கும் எண்ணம் புதிதன்று. குதிரை ஒன்று, ஆள் இருவர் என்று வைத்துக்கொண்டு, ஒருவர் ஏறிப் போய்க் குதிரையை மரத்தில் கட்டிவிட்டு ஓட, பின்னால் ஓடி வருபவர் அதை அவிழ்த்து ஏறிக்கொள்ளும் பந்தயம் 1971இல் கலிபோர்னியாவிலேயே தொடங்கிற்று. 1974 செப்டம்பரில் ஸான் டியேகோவின் மிஷன் விரிகுடாவில் நீச்சலும் ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த முதல் டிரையத்லானில் 46 பேர் கலந்துகொண்டார்கள். நீச்சலை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் ஓட்டமும் நடுவே சைக்கிளுமாக நடத்தியதை முதலில் பயாத்லான் என்றார்கள். பனிச்சறுக்கும் துப்பாக்கியும் சேர்ந்த விளையாட்டுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தமையால், பின்னர் டூயத்லான் என்று மாற்றிக்கொண்டார்கள். 1989இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸோஃபிங்கனில் தொடங்கிய பந்தயம் அதற்குப் புகழ் தேடித் தந்தது. அங்கே ஓட்டம் காட்டு மேடுகளில், சைக்கிள் தார்ச்சாலையில். மலைச் சைக்கிளை இந்தக் குடும்பத்தில் பலரறியச் சேர்த்தது 1996இல் ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் மாவியில் நடந்த காட்டுவழி டிரையத்லான். பின்னாளில் எக்ஸ்டெரா என்று பிரசித்தி பெற்றது அதுவே. அதன் கிளையாகவும் அதற்கு அயலாகவும் காட்டுவழி டூயத்லான்கள் பெருகின. தூரம் இடத்துக்கு இடம் மாறும். மண்ணும் சரிவும் என்ன அனுமதிக்கின்றனவோ அதுவே அளவு.

இந்தப் பந்தயத்தை அறிய விரும்புகிறவர் எல்லைக் கோட்டருகே நிற்பதைவிட, சைக்கிள்களை வரிசையாக மாட்டி வைத்திருக்கும் மாற்றுமிடத்தின் அருகில் நிற்கலாம். முதல் ஓட்டத்தை முடித்து, முழங்கால் வரை சேறாக வருகிறவர், எத்தனை அவசரமானாலும், தலைக்கவசத்தின் வாரை மோவாயின் கீழ் மாட்டி முடிக்காமல் சைக்கிளைத் தொடக் கூடாது; தொட்ட பின்னும், குறித்த கோட்டைத் தாண்டும் வரை அதைத் தள்ளிக்கொண்டுதான் ஓட வேண்டும். நடுங்கும் விரல்களுக்கு அந்தச் சிறு கொக்கி அகப்படாமல் நழுவுவதைப் பார்க்கும்போது, நம் கையே நீண்டு உதவப் பரபரக்கும். சவாரி முடிந்து மறுபடி மண்ணில் இறங்கும்போதோ, இத்தனை நேரமும் வட்டமிட்டுச் சுழன்று பழகிவிட்ட கால்கள் நேரே நடக்க மறந்து, கட்டை போல இறுகி நிற்கும். இருநூறு, முந்நூறு அடி வரை அவர் ஓடுகிறாரா, தடுமாறுகிறாரா என்று சொல்ல இயலாது. நடுவேயுள்ள சவாரியிலும் காலுக்கு ஓய்வு இல்லை. சக்கரம் உருளாத அளவுக்குச் செங்குத்தான மேட்டில், சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவதை விதி தடுக்கவில்லை. அங்கே மனிதன் வாகனத்தைச் சுமக்கிறான்.

டாமல்பையஸில் இன்றும் மூயர் வனத்துக்கும் கார்டியாக் உச்சிக்கும் இடையே, டிப்ஸீ ஒற்றையடிப் பாதையும் மான் பூங்கா என்று பெயர் பெற்ற தீத்தடுப்புச் சாலையும் அடுத்தடுத்து ஏறுகின்றன. ஒன்று காலுக்கு மட்டும்; மற்றது காலுக்கும் சக்கரத்துக்கும். அவை பிரிந்து, மரங்களுக்கிடையே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, சில இடங்களில் குறுக்கே வெட்டி, மறுபடியும் விலகுகின்றன. ஏறி வரும் சைக்கிள்காரர் அந்தச் சந்திப்புகளில் ஒரு காலை ஊன்றி நின்று, ஓடி வருகிறவர் கடந்து போகக் காத்திருந்து, அவருடைய காலடியோசை புதருக்குள் மறைந்ததும் மறுபடி மிதிக்கத் தொடங்குகிறார்.