ஐயமும் தண்டனையும்: மொந்தேன் கட்டுரைகளில் ஒரு நீதிபதியின் மனம்

பிரெஞ்சுக் கட்டுரையாளர் மிஷேல் தெ மொந்தேனை (1533–1592) உலகை விட்டு ஒதுங்கி, கோபுர நூலகத்தில் தன்னைத்தானே ஆராய்ந்துகொண்டிருந்த ஐயவாதியாகக் காட்டுவது வழக்கம். 1571இல் அவர் தம் மாளிகைக்குத் திரும்பியது உண்மைதான். ஆனால் அதற்கு முன் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் போர்தோ நகரின் உயர்நீதி மன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். வழக்கு ஆவணங்களைப் படித்து அறிக்கை எழுதுவது அங்கே அவருடைய முக்கிய வேலை. மனிதரைப் பற்றிய அவரது ஐயம் தத்துவ நூல்களிலிருந்து மட்டும் வந்ததன்று. பிறர் உயிரைத் தீர்மானிக்கும் இருக்கையில் அமர்ந்தவரின் அச்சமும் அதில் கலந்திருக்கிறது என்பதே என் வாதம்.

1588இல் வெளிவந்த தம் ‘கட்டுரைகள்’ நூலின் மூன்றாம் தொகுதியில், முடவர்களைப் பற்றிய கட்டுரையில், மார்த்தேன் கேர் வழக்கை அவர் குறிப்பிடுகிறார். ஊரைவிட்டுப் போன ஒருவனின் பெயரில் வேறொருவன் வந்து, அவன் மனைவியோடு சில ஆண்டுகள் வாழ்ந்த வழக்கு அது. துலூஸ் நீதிமன்றம் வந்தவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவிருந்த வேளையில் உண்மையான மார்த்தேன் மரக்காலோடு வந்து நின்றான். 1560இல் ஆள்மாறாட்டக்காரன் தூக்கிலிடப்பட்டான். அந்த மன்றத்தின் நீதிபதி கோராஸ் எழுதிய நூலின் வழியே இவ்வழக்கை அறிந்த மொந்தேன், அந்தத் தீர்ப்பு மிகத் துணிச்சலானது என்கிறார்.

இது முதலில் வியப்பளிக்கும். குற்றவாளி தானே ஒப்புக்கொண்டான்; தீர்ப்பில் பிழையில்லை. பிறகு என்ன குறை? மொந்தேனின் கண் முடிவின் மீது இல்லை, முடிவுக்கு வந்த மனத்தின் மீது இருக்கிறது. சற்று முன்புவரை எதிர்த்திசையில் சாய்ந்திருந்த அதே மன்றம், அதே உறுதியோடு ஒருவனைக் கொல்கிறது. சரியாக முடிந்த தீர்ப்பிலும் அறிவின் அளவை மீறிய துணிவு இருக்கலாம் என்று கண்டது அவருடைய தனித்த பங்களிப்பு. தவறான தீர்ப்பைக் கண்டிக்க யாராலும் முடியும். சரியான தீர்ப்பை ஐயுறுவதற்கு அரிய நேர்மை வேண்டும். சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டோரை எரிப்பதையும் அதே கட்டுரையில் இதே அளவுகோலால் எதிர்க்கிறார்: நம் ஊகத்துக்காக ஓர் உயிரைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

அனுபவம் பற்றிய இறுதிக் கட்டுரையில் வரும் நிகழ்ச்சி இன்னும் கொடியது. கொலைக் குற்றத்துக்காகச் சிலருக்கு மரண தண்டனை முடிவாகிறது. அதற்குள் அருகிலிருந்த கீழ்மன்றத்திலிருந்து, உண்மைக் கொலையாளிகள் பிடிபட்டு ஒப்புக்கொண்டதாகச் செய்தி வருகிறது. நடைமுறைப்படி முடிந்த தீர்ப்பை மாற்ற வழியில்லை என்று மன்றம் கருதுகிறது, நிரபராதிகள் சாகிறார்கள். இங்கே எவரிடமும் வன்மம் இல்லை. ஒழுங்காக வேலை செய்த மனிதர்களே இதைச் செய்தார்கள் என்பதுதான் மனித இயல்பு பற்றி நமக்குக் கிடைக்கும் பாடம்.

இந்த வாசிப்புக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மொந்தேனின் ஐயம் மன்னருக்கும் மரபுக்கும் பணிந்துபோகவே உதவியது, எதையும் மாற்றவில்லை என்பார்கள். அவர் பழமை பேணுபவர் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட நாட்டில், 1572இன் படுகொலைகளில் கோராஸே புராட்டஸ்டண்டாக மாண்ட நாட்டில், உறுதியின் குரலைத் தாழ்த்துவது பணிவாக மட்டும் இருந்திருக்க முடியாது. 1581 முதல் 1585 வரை போர்தோவின் மேயராக இரு தரப்புக்கும் நடுவே நின்று நகரைக் காத்தவரும் அவரே.

மரணத்துக்கு மேல் சேர்க்கப்படும் எந்தச் சித்திரவதையும் வெறும் கொடுமை என்று அவர் 1580 பதிப்பில் எழுதியிருந்தார். மறு ஆண்டு ரோமில் திருச்சபைத் தணிக்கையாளர்கள் ஆட்சேபித்தவற்றில் அக்கருத்தும் ஒன்று. 1588 பதிப்பில் அவர் அதை நீக்கவில்லை.