அந்தரா ஊசி

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் கருத்தடை ஊசி. இந்திய அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருந்து, மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட் (150 மி.கி.). புரோஜெஸ்டோஜன் வகை இயக்குநீரான இது கருமுட்டை வெளியேறுவதைத் தடுக்கிறது. மருந்துப் புட்டியைக் குலுக்கி, கை, தொடை அல்லது இடுப்புத் தசையில் ஆழமாகச் செலுத்துவர். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மருந்து விரைவில் கரைந்து பயன்காலம் குறையும்.

மாதவிடாய் ஒழுங்கு மாறுவதும் நின்றுபோவதும் பரவலான விளைவுகள். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்து, ஊசியை நிறுத்தியபின் பெரும்பாலும் மீளும். கருவுறும் திறன் திரும்பச் சில மாதங்களாகும். பால்வினை நோய்களைத் தடுக்காது.

1985இல் அன்றைய ஆந்திரத்தின் பட்டன்செருவில் நெட்-என் என்ற வேறொரு கருத்தடை ஊசியின் ஆய்வு நடந்தது. பெண்களுக்குப் போதிய விளக்கம் தரப்படவில்லை என்று ஸ்திரீ சக்தி சங்கட்டனா என்ற பெண்கள் அமைப்பு 1986இல் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த எதிர்ப்பு நியாயமானது. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 1993இல் தனியார் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அரசுத் திட்டத்தில் 2017இல்தான் சேர்ந்தது.

செனகல், உகாண்டா முதலிய நாடுகளில் இதே மருந்தைத் தோலடியில் தாமே போட்டுக்கொள்ளும் 104 மி.கி. வடிவம் பரவியுள்ளது.

தமிழ்நாட்டில் பெண் அறுவைக் கருத்தடையே மேலோங்கியது (2019–21 குடும்ப நல ஆய்வில் சுமார் 58 விழுக்காடு). தூத்துக்குடியின் திரேஸ்புரம் போன்ற மீனவக் குடியிருப்புகளில், அறுவைக்குப் பின் ஓய்வெடுக்க வழியில்லாத பெண்களுக்கு அந்தரா ஊசி தற்காலிக மாற்று. தவணை தவறினால் நான்கு வாரங்களுக்குள் போட்டுக்கொள்ளலாம்.