காப்பீட்டு அட்டையும் குழந்தைகள் நலப் பரிசோதனையும்: விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பெற்றோர்களுக்கான விளக்கம்

காப்பீட்டு அட்டை பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் குழந்தைகளின் நலம் உறுதியாகிவிடாது. அட்டை சிகிச்சைச் செலவை ஏற்கும். நோயைக் கண்டறிவது பரிசோதனையே. இரண்டும் தேவை.

காப்பீட்டுத் திட்டம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 அன்று தொடங்கப்பட்டது. 2018இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு உட்பட்ட குடும்பங்கள், ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

பதிவு செய்ய: குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுகவும். குழந்தை பிறந்ததும் அதன் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்த்துவிடவும். இதைத் தள்ளிப்போட்டால், அறுவை சிகிச்சை தேவைப்படும் நேரத்தில் அனுமதி பெறத் தாமதமாகலாம்.

குழந்தைகள் நலப் பரிசோதனை

2013இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடுகள், சத்துக் குறைபாடுகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் கண்டறியப்படுகின்றன. மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருவர்.

யார் விடுபடுகின்றனர்?

குழு வரும் நாளில் இல்லாத குழந்தைகளே பெரும்பாலும் விடுபடுகின்றனர். செங்கல் சூளை, கரும்பு வெட்டு வேலைகளுக்காக வெளியூர் சென்று திரும்பும் பெற்றோர், தம் குழந்தையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று பரிசோதித்துக் கொள்ளவும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

• பால் குடிக்கும்போது வியர்த்தல், மூச்சிரைத்தல்
• உதடு, நகம் நீலமாதல்
• ஒலி கேட்டுத் திரும்பாமை
• உரிய வயதில் தலை நிற்காமை, உட்காராமை

இவற்றைக் கண்டால் குழுவின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டாம். திண்டிவனம் அரசு மருத்துவமனையையோ முண்டியம்பாக்கம் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ உடனே அணுகவும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குச் செவிச்சுருள் கருவி பொருத்தும் சிகிச்சை, குறைந்த வயதில் செய்தால்தான் பேச்சு வளர்ச்சிக்கு முழுமையாகப் பயன்படும்.

அட்டை இல்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பரிசோதனைக்கு அட்டை தேவையில்லை.

காப்பீடு குறித்த ஐயங்களுக்கு: 1800 425 3993 (கட்டணமில்லா எண்).