தாள்மடிப்பில் வடிவியல்: சுந்தர ராவ் முதல் இராயபுரம் வரை

டி. சுந்தர ராவ் ஆங்கிலத்தில் எழுதிய தாள்மடிப்பு வடிவியல் நூலைச் சென்னை அடிசன் நிறுவனம் 1893இல் வெளியிட்டது. ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் மழலையர்க்கென வகுத்த விளையாட்டுத் தொகுதிகளுள் ஒன்றான வண்ணச் சதுரத் தாள்களே நூலுக்குத் தூண்டுதல். கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் 1895இல் இந்நூலைச் சுட்டினார். 1901இல் சிகாகோவில் அமெரிக்கப் பதிப்பு வந்தது. மழலையர் விளையாட்டுப் பொருளை உயர்நிலை வடிவியலுக்கான கருவியாக்கியதே ராவின் பங்களிப்பு எனலாம்.

சமபக்க முக்கோணத்தையே எடுத்துக்கொள்ளலாம். சதுரத் தாளை இடம்வலமாகச் சரிபாதியாக மடித்து விரித்தால் செங்குத்தான நடுக்கோடு கிடைக்கும். இடக் கீழ்மூலை அசையாதிருக்க, வலக் கீழ்மூலை நடுக்கோட்டின்மீது படுமாறு மடிக்க வேண்டும். அது படும் புள்ளியும் அடிப்பக்கத்தின் இரு முனைகளும் முக்கோணத்தின் உச்சிகள். மடிப்பால் நீளம் மாறாது. நடுக்கோட்டுப் புள்ளி இரு முனைகளுக்கும் சமதொலைவினது. ஆகவே மூன்று பக்கங்களும் சமம். கவராயம் தேவைப்படவில்லை, செய்முறைக்குள்ளேயே நிறுவலும் அடங்கிவிடுகிறது. (மடிப்பின் முழு ஆற்றல் ராவின் நூலில் வெளிப்படவில்லை. முப்படிச் சமன்பாடுகளையும் மடித்துத் தீர்க்கலாம் என்பதை இத்தாலியரான பெலோக் 1936இல் காட்டினார்.)

செய்து கற்கும் இந்நோக்குக்குச் சென்னைத் துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தில் 1993இல் ஓர் இடம் அமைந்தது. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியராக விளங்கிய பி. கே. சீனிவாசன், இராமானுஜன் அருங்காட்சியகம் மற்றும் கணிதக் கல்வி மையத்தை அங்கு நிறுவினார். 1912இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜனின் கடிதங்களை 1968இல் தொகுத்து வெளியிட்டவரும் அவரே. அதனால் மையம் நினைவிடமாகவே பேசப்படுகிறது. பெயரின் பிற்பாதி உரிய கவனம் பெறவில்லை. எளிய பொருள்களைக் கொண்டு மாணவரே கணிதத்தைக் கண்டறிய வேண்டும் என்பதே சீனிவாசனின் வாழ்நாள் முயற்சி.

2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்னும் பகுதி ஜியோஜீப்ரா மென்பொருளை வகுப்பறைக்குக் கொணர்ந்தது. உச்சியை இழுத்து எண்ணற்ற முக்கோணங்களை நொடியில் காணும் வசதி தாளுக்கு இல்லை. எனினும் திரையில் உருவங்களுக்கிடையிலான தொடர்பு முன்பே அமைத்துத் தரப்பட்டுள்ளது. எப்படி இழுத்தாலும் அது குலையாது. தாளிலோ மூலை நடுக்கோட்டைவிட்டுச் சற்று விலகினாலும் பக்கங்கள் பொருந்தா. எங்கே பிசகியது என்பதை மாணவர் தம் மடிப்பிலேயே கண்டுகொள்வர்.