மலாக்கா மண் ஏற்காத மலர்

மலாக்கா டச்சுச் சதுக்கத்திற்குச் சுற்றுலா செல்பவர்கள் சிவப்புக் கட்டடத்தையும் காற்றாலையையும் படம் பிடிக்காமல் திரும்புவதில்லை. டச்சுக்காரர் என்றதும் காற்றாலைக்கு அடுத்து நினைவுக்கு வருவது துலிப் மலர். அவர்கள் ஆண்ட மலாக்காவில் அந்த மலர் ஏன் வேரூன்றவில்லை? இதற்கு விடை தேடினால் மலாக்கா தமிழர்களின் வரலாறும் கூடவே வருகிறது.

துலிப் டச்சுக்காரர்களின் சொந்த மலர் அன்று. மத்திய ஆசிய மலைகளில் பிறந்து, துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. நெதர்லாந்தின் லைடன் தோட்டத்தில் 1594-இல் பூத்தது. நாளடைவில் அதன் கிழங்கு வியாபாரம் சூதாட்டமாக மாறி, 1637 பிப்ரவரியில் விலை சரிந்தது. நான்கே ஆண்டுகளில், 1641 ஜனவரியில், டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினர்.

துலிப் வகைகளுள் காலம் தாழ்த்தி, மே மாதத்தில் பூப்பது அடுக்குத் துலிப். நம் அடுக்குமல்லியைப் போல இதழ் மேல் இதழாக, ரோஜாவோ என்று எண்ணும்படி விரியும். ஆனால், மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால் மட்டும் அது பூத்துவிடாது. கிழங்குக்குள் இருக்கும் மொட்டு நன்கு வளர, சுமார் 12 முதல் 16 வாரங்கள் கடுங்குளிர் வேண்டும். குளிர்காலமே இல்லாத மலாக்காவில் அதற்கு வழியில்லை. இன்று கிழங்கு வாங்கி நடுபவர்களும் முதலில் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். அருகில் பழங்கள் இருந்தால் அவற்றிலிருந்து வரும் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். இத்தனை பாடுபட்டாலும் நம் வெயிலில் மறு ஆண்டு பூப்பது அரிது.

டச்சு ஆட்சியில் மலாக்காவில் நிலைத்தது வேறொன்று. 1781-இல் மலாக்கா செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு நிர்வாகம் வழங்கிய நிலத்தில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் எழுந்தது. வீட்டில் மலாய் பேசினாலும் சமயத்தை விடாத அந்தச் சமூகத்தின் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

துலிப்பை ஏற்காத மண் மற்றோர் அயல்நாட்டுச் செடியை ஏற்றுக்கொண்டது. பிரேசிலில் பிறந்த ரப்பர், லண்டன் வழியாக 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தது. 1896-இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தோட்டமாகப் பயிரிட்டார். வெயிலும் மழையும் அதற்கு ஒத்துப்போயின. மலாயா எங்கும் ரப்பர் பரவியபோது, பால் வெட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறி வந்தனர். ஒரு செடிக்கு ஒத்துப்போன தட்பவெப்பம் ஓர் இனத்தின் தலைவிதியையே மாற்றி எழுதியது எனலாம்.

வந்தவர்கள் லயத்து வாசலில் செம்பருத்தியும் மல்லிகையும் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தனர். பின்னாளில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, லயங்களோடு அந்த வாசல் தோட்டங்களும் மறைந்தன. அவற்றுக்கு நினைவுச் சதுக்கம் ஏதும் எழவில்லை.

அடுத்த முறை பிள்ளைகளை டச்சுச் சதுக்கத்திற்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், படம் பிடித்த கையோடு திரும்பிவிட வேண்டாம். ஆற்றைக் கடந்து சில நிமிடங்கள் நடந்தால் ஜாலான் துக்காங் எமாசில் அந்த விநாயகர் ஆலயம் இருக்கிறது. அங்கே நின்று 1781-ஐயும் 1896-ஐயும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு யார் சொல்வார்கள்?